உங்கள் கொழுப்பைப் பற்றி, மச்சான்

மச்சான்,

இன்று சாயங்காலம் என் பெண் தேன்மொழி ஆய்வகத்திலிருந்து வந்து பையைக் கழற்றி நாற்காலியில் போட்டாள். பையோடு அந்த வாசனையும் வந்து உட்கார்ந்தது. புளித்த மாவும் கொஞ்சம் சாராயமும் கலந்த மாதிரி, பாவ் ரொட்டி சுடுகிற பேக்கரியைக் காலையில் தாண்டும்போது வருமே, அந்த வாசனை. உங்களுக்கு அது நன்றாகத் தெரியும். அது மூக்கில் ஏறியதும் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, என் வீட்டுச் சோபாவிலிருந்து, "வந்துட்டாப்பா பேக்கரிக்காரி!" என்று அறிவிப்பீர்கள். யாரும் அப்படி அறிவித்து வருஷங்கள் ஆகிவிட்டன. இன்று ஏனோ எனக்கு அது ஒரு குறையாக இருந்தது. ஏமாந்துவிடாதீர்கள், பாசம் இல்லை. மேல் வீட்டில் மாதக்கணக்காகச் சுவரைக் குடைந்த டிரில் மிஷின் ஒருநாள் நின்றதும், "என்ன ஆச்சு?" என்று கூரையைப் பார்ப்போமே, அந்த மாதிரி.

நீங்கள் போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. காரியத்தன்று எல்லோரும் உங்களைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொன்னார்கள். என்னையும் சொல்லச் சொன்னார்கள். "மச்சான் மாதிரி இன்னொருத்தரைப் பாக்க முடியாது" என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். நான் நிம்மதியாகச் சொன்னது அவர்கள் காதில் துக்கமாக விழுந்தது. பொய் சொன்னதாக இருக்க வேண்டாம் என்றுதான் மிச்சத்தை இப்போது எழுதுகிறேன்.

ஊரின் பணக்காரப் பகுதியான ஔந்தில் மூன்று பெட்ரூம் ஃபிளாட், பெரிய கம்பெனியில் அட்மின் வேலை, டபுள் டிகிரி. இந்த மூன்றையும் நீங்கள் பெயருக்கு முன்னால் போடும் இனிஷியல் மாதிரி சொல்வீர்கள். உங்கள் தங்கையைக் கட்டிக்கொண்ட குற்றத்துக்காக ஞாயிற்றுக்கிழமைதோறும் ஆகுர்டியில் எங்கள் வீட்டுக்கு வந்து என்னை விசாரணை செய்வீர்கள். காரை எங்கள் சொசைட்டி வாசலில் குறுக்கே நிறுத்துவீர்கள். வாட்ச்மேனிடம், தெரிந்த நாலு மராத்தி வார்த்தையையும் உரக்கச் செலவழிப்பீர்கள். கையில் ஒரு சின்ன பாக்கெட் பாகர்வடி, அந்த மராத்திக் காரச் சுருள். எங்களுக்காக வாங்கிவந்த அந்தப் பாகர்வடியைப் பேசிக்கொண்டே நீங்களே தின்று முடிப்பீர்கள். போகும்போது காலிக் கவரை என் கையில் கொடுத்து, "குப்பையில போட்டுடு மாப்ள" என்பீர்கள். நானும் போடுவேன்.

நான் யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள்தான் எனக்கு அதை வாராவாரம் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். "பேசிக்கா நீ ஒரு டிஸ்பாட்ச் ஆளு மாப்ள." உண்மைதான். பன்னிரண்டாம் வகுப்பில் கெமிஸ்ட்ரி என்னைக் கைவிட்டது, அல்லது நான் அதை. தளேகாவ் தொழிற்பேட்டையில் வண்டிப் பாகங்களைப் பெட்டியில் அடுக்கி, லேபிள் ஒட்டி, சரியான லாரியில் ஏற்றிவிடுகிற வேலை. பெண்ணுக்குத் தேன்மொழி என்று பெயர் வைத்தேன். அவள் இந்தி, மராத்தி, இங்கிலீஷ் மூன்றையும் பிளந்துகட்டுவாள், தமிழுக்கு வரும்போது மட்டும் நொண்டுவாள். சொந்தப் பெண்ணுக்கே லேபிளைத் தப்பாக ஒட்டியவன் நான்.

அவள் எம்.எஸ்ஸி. முடித்து, ஈஸ்ட்டை வைத்து ஆராய்ச்சி செய்ய இடம் கிடைத்து வந்த அன்று நீங்கள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "சயின்ஸ்னா ராக்கெட்டு மாப்ள. ஈஸ்ட் எல்லாம் சமையல். பன்னு உப்பறதைப் பாக்கறதுக்கு அஞ்சு வருஷமா?" நீங்கள் சிரித்தீர்கள். நீங்கள் சிரித்ததால் உங்கள் தங்கை சிரித்தாள். வீட்டில் எல்லோரும் சிரிக்கும்போது நான் மட்டும் ஏன் தனியாக நிற்க வேண்டும் என்று நானும் சிரித்துவைத்தேன்.

அவள் செய்வது என்ன என்று உங்களுக்குக் கடைசிவரை தெரியாது. தெரிந்துகொள்ளாமலே ஒன்றை இகழ்வதில் உங்களுக்கு நல்ல பயிற்சி இருந்தது. எனக்கும் முழுசாகத் தெரியாது. ஒருநாள் பால்கனியில் துணி மடித்துக்கொண்டே அவள் சொன்னதில் என் மண்டைக்குள் நின்றதைச் சொல்கிறேன்.

ஈஸ்ட் என்பது ஒரே ஒரு செல். அதுதான் அதன் மொத்த உடம்பும். ஆனால் அதற்குள்ளே ஒரு தொழிற்பேட்டையே ஓடுகிறதாம். நொதிகள் என்று சில இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை, ஓர் இடம். செல் அவற்றை ஓரிடத்தில் செய்து, சின்னச் சின்னச் சவ்வுப் பைகளில் போட்டு வேறு இடங்களுக்கு அனுப்புகிறது. நொதியிலேயே அது போய்ச்சேர வேண்டிய விலாசமும் இருக்கிறதாம். இதைக் கேட்டதும் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. நம் துறை அல்லவா?

"லேபிள் தப்பா ஒட்டினா?" என்று கேட்டேன்.

"அதைத்தான்பா நாங்க வேணும்னே பண்றோம். லேபிளை வெட்டி எடுத்துட்டு, அது எங்க போகுது, போய் என்ன கலாட்டா பண்ணுதுன்னு பாப்போம்."

"அடிப்பாவி! என் கம்பெனில அப்படிப் பண்ணினா கேட்டுக்கு வெளிய தள்ளிடுவான். உனக்குச் சம்பளம் குடுத்துப் பண்ணச் சொல்றானா?"

"ஆமாப்பா" என்றாள் பெருமையாக.

அவள் பிடித்துக்கொண்டது கொழுப்பு செய்கிற நொதிகளை. ஈஸ்ட்டின் சவ்வுக்கு ஒருவகைக் கொழுப்பு வேண்டும். நம் கொலஸ்ட்ராலுக்குத் தம்பி முறை, எர்கோஸ்டெரால் என்று பெயர். அது குறைந்துபோனால் சவ்வு தொளதொளத்துக் கண்டதும் உள்ளே வந்துவிடும். அளவுக்கு மேல் போனால் விறைத்துக்கொள்ளும், வேண்டியதுகூட நுழையாது. அதனால் செல் எந்நேரமும் அளந்துகொண்டே இருக்குமாம். போதும் என்று தெரிந்ததும், அதைச் செய்கிற முக்கியமான நொதியையே உடைத்துப் போட்டுவிடுமாம்.

"மாமா தினம் போடறாரே மாத்திரை, அது அமுக்கறதும் அதே நொதியைத்தான்பா. அது நம்மகிட்டயும் இருக்கு, ஈஸ்ட்கிட்டயும் இருக்கு" என்றாள்.

அப்போதே ஔந்துக்கு ஓடிவந்து உங்களிடம் சொல்ல வேண்டும் போல இருந்தது. நீங்கள் மூக்கைப் பொத்துகிற அந்தப் பேக்கரிச் சாமானுக்கும் உங்களுக்கும் உள்ளே ஒரே சரக்குதான். வித்தியாசம் ஒன்றுதான், அதற்குப் போதும் என்பது தெரியும்.

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. தேன்மொழி ஆராய்ச்சியில் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. உங்கள் ஆபீஸ் நண்பர் ஒருவரின் பையனுக்கு அவளைப் பார்க்க ஏற்பாடு செய்தீர்கள். பையன் நல்லவனாகவே இருக்கலாம், அவனை நீங்கள் பேசவே விடவில்லை. நிபந்தனை ஒன்று: நிச்சயம் முடிந்ததும் பெண் ஆராய்ச்சியை நிறுத்திவிட வேண்டும். அது அவர்கள் போட்ட நிபந்தனையா, நீங்களே போட்டு அவர்கள் தலையில் கட்டியதா என்று எனக்கு இன்றும் சந்தேகம். உங்கள் தங்கை சரி என்றுவிட்டாள். அப்பா இல்லாத வீட்டில் வளர்ந்த அவளுக்கு நீங்கள்தான் அப்பா. நீங்கள் இருமினால்கூட அவளுக்கு அது தீர்ப்பு.

ஒருதடவை விட்டால் அந்த இடம் திரும்பக் கிடைக்காது என்று தேன்மொழிக்குத் தெரியும். இருந்தாலும் அம்மாவை அழவைக்க மனசில்லாமல் புடவை கட்டிக்கொண்டாள். "நான் பேசிப் பாக்கறேன்பா. என்ன பண்றேன்னு புரிஞ்சா அவங்களே விட்டுடுவாங்க" என்றாள். பாவம், விஞ்ஞானி. முந்தின நாளே போனும் கையுமாகத் தமிழ் வார்த்தைகளைச் சேகரித்துக்கொண்டிருந்தாள். "லிப்பிட்டுக்குத் தமிழ்ல என்னப்பா?" என்று கேட்டாள். "கொழுப்புமா" என்றேன். அவள் படிப்புக்கு நானும் ஒரு வார்த்தை கொடுத்துவிட்டேன் என்று அன்று நான் ஒரு சுற்றுப் பெருத்துப்போனேன்.

டீ வந்தது. பாகர்வடி வழக்கம்போல உங்கள் மடிப்பக்கம் இருந்தது. பையனின் அப்பா, "என்னம்மா பண்றே நீ?" என்று கேட்டார்.

அவள் வாய் திறப்பதற்குள் நீங்கள் முந்திக்கொண்டீர்கள். "அவ ஈஸ்ட்டுக்குக் கஞ்சி ஊத்தறா சார். வீட்ல மாவு பொங்கலேன்னா கூப்பிடுங்க, வருவா."

எல்லோரும் சிரித்து முடிக்கும்வரை அவள் காத்திருந்தாள். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"இல்ல அங்கிள். நான் கொழுப்பு பத்தி ஸ்டடி பண்றேன். கொழுப்பு ஜாஸ்தி ஆனா எப்படி அடக்கறதுன்னு."

பையனின் அம்மா கப்பைக் கீழே வைத்தார். "யாரோட கொழுப்பைம்மா?"

"எல்லாருக்கும் இருக்கும் ஆன்ட்டி. உங்களுக்கும் இருக்கு. கொஞ்சம் இருக்கணும், இல்லேன்னா செத்துடுவோம்." அந்த அம்மாவின் முகம் மாறியதை, இன்னும் புரியவில்லை என்று இவள் எடுத்துக்கொண்டாள். எளிதான உதாரணம் ஒன்றைத் தேடினாள். ரொம்ப அன்பாக உங்கள் பக்கம் திரும்பினாள். "இப்ப எங்க மாமாவையே எடுத்துக்குங்க. மாமாவுக்குக் கொழுப்பு ரொம்ப ஜாஸ்தி. டாக்டரே சொல்லிட்டார். ஹை நா மாமா, இல்லையா? மாத்திரை போட்டும் அடங்கலே."

உங்கள் கை வாய்க்குப் போகிற வழியில் நின்றது. பையனின் அப்பாவுக்கு டீ மூக்கு வழியாக வந்தது. அவர் இருமினார், கண்ணைத் துடைத்தார், அப்புறம் வாழ்நாள் பாரத்தை இறக்கிவைத்தவர் மாதிரி சொன்னார். "கரெக்டா சொன்னேம்மா. ஆபீஸ்ல நாங்க எல்லாருமே இதைத்தான் சொல்லிட்டிருக்கோம்."

உங்களுக்கு வாய்த்த நண்பர்களே அப்படி, நான் என்ன செய்ய? அந்த அம்மா, "பொண்ணுக்கு வாய் ஜாஸ்தி" என்று எழுந்தார். அவர்கள் படி இறங்கிப் போகும்போதும் கீழே இருந்து அந்த மனுஷனின் சிரிப்பு கேட்டுக்கொண்டே இருந்தது.

நீங்கள் வெடித்தீர்கள். "பாத்தியா வசந்தா, நீ பெத்ததை? வெளியாளுங்க முன்னால வெச்சு எனக்குக் கொழுப்புன்னு சொல்லிட்டாடி!"

"க்யா ஹுவா? என்ன ஆச்சு?" என்று முழித்தாள் தேன்மொழி. "நான் என்ன தப்பா சொன்னேன்?"

அவளைச் சமையலறைக்கு அழைத்துப்போய், கொழுப்பு என்றால் திமிர் என்றும் ஓர் அர்த்தம் உண்டு, அதை மனுஷனைப் பார்த்துச் சொல்லக் கூடாது என்று விளக்கினேன். அவள் முதலில் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குப் பின்னால் நின்று சிரித்தாள். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து உங்கள் எதிரே நின்றாள். "மாமா, சாரி. நான் கொலஸ்ட்ரால்தான் சொன்னேன். ப்ராமிஸ்."

ஒரு சாதாரண மனுஷன் அத்தோடு விட்டிருப்பான். எங்கள் டிஸ்பாட்ச் ஆள் எவனாவது இருந்தால், அவனும் சேர்ந்து சிரித்துவிட்டு இன்னொரு டீ கேட்டிருப்பான். நீங்கள் கால்மேல் கால் போட்டுக்கொண்டு தண்டனை எழுதினீர்கள்.

"சாரி எல்லாம் வேண்டாம். நாளைக்கே அந்த ஈஸ்ட் கழுவற வேலையை விட்டுட்டு, என்கூட அவங்க வீட்டுக்கு வந்து மன்னிப்பு கேக்கட்டும். இல்லேன்னா இந்த வீட்டுப் படி மிதிக்க மாட்டேன். வசந்தா, நீயே முடிவு பண்ணு. அண்ணனா, ஈஸ்ட்டா?"

உங்கள் தங்கை என்னைப் பார்த்தாள். தேன்மொழியும் பார்த்தாள். இந்த மாதிரி நேரத்தில் நான் என்ன செய்வேன் என்று மூன்று பேருக்கும் தெரியும். ஒரு ஜோக் அடிப்பேன். "சரி விடுங்க மச்சான், அந்தக் கவரைக் குடுங்க, போட்டுடறேன்" என்று சொல்லிக் குப்பைக்கூடைப் பக்கம் போய்விடுவேன். அன்றும் ஜோக்கைத்தான் தேடினேன். கைக்கு ஒன்றும் அகப்படவில்லை. அதனால் இருந்ததைச் சொன்னேன்.

"மச்சான், அவளுக்கு ஒரு அர்த்தம்தான் தெரியும். எனக்கு ரெண்டும் தெரியும். ரெண்டுலயும் அவ சொன்னது சரிதான். அவ நாளைக்கு லேபுக்குப் போவா."

நீங்கள் போன பிறகு ஒரு சொம்புத் தண்ணீரை நின்றபடியே குடித்தேன். வீரனுக்கு இன்னொரு சொம்பும் தேவைப்பட்டது. மறுநாள் காலையில் தேன்மொழி பையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். வாசலில் செருப்பு மாட்டும்போது, "அப்பா, திமிருக்கு வேற என்னென்ன வார்த்தை இருக்கு? எல்லாத்தையும் எழுதிக் குடுத்துடு, பத்திரமா இருப்பேன்" என்றாள்.

நீங்கள் சொன்ன சொல்லைக் காப்பாற்றினீர்கள். நான் அறிந்து நீங்கள் காப்பாற்றிய ஒரே சொல் அதுதான். உங்கள் தங்கை மாதக்கணக்காக என் தட்டை மேஜையில் ஓசையோடு வைத்தாள். பண்டிகைக்குப் பலகாரம் செய்து, தனியாக பஸ் பிடித்து ஔந்துக்குக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவாள். நீங்கள் அதைத் தின்றுவிட்டு, "உன் புருஷனுக்கு டிஸ்பாட்ச் புத்தி" என்று சொல்லி அனுப்புவீர்கள். அவள் அதை அப்படியே கொண்டுவந்து என்னிடம் சேர்ப்பாள். எங்கள் கம்பெனியில்கூட இவ்வளவு ஒழுங்காகச் சரக்கு போய்ச்சேராது.

உங்கள் கொழுப்பு கடைசியில் உங்களை ஒன்றும் செய்யவில்லை என்பதை நியாயமாக ஒத்துக்கொள்கிறேன். இரண்டு வகைக் கொழுப்புமே. மழைக்காலத்தில் உங்கள் ஃபிளாட் பூந்தொட்டித் தண்ணீரில் பிறந்த ஒரு கொசு செய்தது. டபுள் டிகிரி, அட்மின், ஔந்த் எதுவும் அதற்குப் படிக்கத் தெரியவில்லை. டெங்கு என்று ஆஸ்பத்திரியில் சேர்த்ததும் நானும் வந்தேன். உங்கள் தங்கைக்காக வந்தேன், உங்களுக்காக என்று எண்ண வேண்டாம். நீங்கள் கண்ணைத் திறந்து, என்னை மேலும் கீழும் பார்த்து, "என்ன மாப்ள, என்னை டிஸ்பாட்ச் பண்ண வந்திருக்கியா?" என்றீர்கள். அத்தனை வருஷத்தில் நீங்கள் சொன்னதிலேயே நல்ல ஜோக் அதுதான். நான் சிரித்துவிட்டேன். நர்ஸ் அதட்டினாள். நீங்கள் சிரிக்கவில்லை. உங்கள் ஜோக்குக்கே சிரிக்க மற்றவர்களை வேலைக்கு வைத்துத்தான் உங்களுக்குப் பழக்கம்.

போன மாதம் தேன்மொழியின் கடைசி வைவா. பெற்றவர்களும் வரலாம் என்றார்கள். நான் கல்யாணச் சட்டையைப் போட்டுக்கொண்டேன், உங்கள் தங்கை பட்டுப்புடவை. முதல் ஸ்லைடு முடிந்ததும் நான் கைதட்டினேன். வேறு யாரும் தட்டவில்லை. கையை மெதுவாகக் கொண்டுபோய் மடியில் வைத்துக்கொண்டேன். திரையில் கறுப்புக்குள் பச்சைப் பச்சையாகப் புள்ளிகள் மின்னின. ஒரு நொதியைப் பற்றிச் சொன்னாள். செல்லின் சவ்வு வலையில் இருக்கும்வரை கொழுப்பு செய்கிற வரிசையில் நின்று வேலை செய்கிறது. அதே நொதி கொழுப்பை அடைத்துவைக்கிற உருண்டையின் மேல் போய் உட்கார்ந்தால் சும்மா இருக்கிறது. நொதியில் கோளாறு இல்லை, கூட்டு வேலைக்கு வேண்டியது அங்கே இல்லை, அவ்வளவுதான். எனக்கு உங்கள் அட்மின் கேபினும் அந்தச் சுழல் நாற்காலியும் கண்ணுக்குள் வந்துபோயின.

"எங்க அண்ணன் இருந்திருந்தா..." என்று உங்கள் தங்கை காதருகில் ஆரம்பித்தாள்.

"தூங்கியிருப்பாரு" என்றேன்.

"தூங்க மாட்டாரு. நடுவுல எந்திரிச்சு, பன்னு எப்ப வரும்னு கேட்டிருப்பாரு" என்றாள். சொல்லிவிட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

இப்போது அவளுக்கு வெளிநாட்டில் ஓர் ஆய்வகத்தில் கூப்பிட்டிருக்கிறார்கள். அதே ஈஸ்ட், அதே கொழுப்பு, இன்னும் ஆழமாக. போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் சித்தப்பா மகன் வந்தார், தளேகாவில் கடை வைத்திருப்பவர். சேதியைக் கேட்டதும் அவர் சோபாவில் சாய்ந்து உட்கார்ந்த விதத்திலேயே எனக்கு அடுத்து வருவது தெரிந்துவிட்டது.

"அதான் பட்டம் வாங்கியாச்சுல்லக்கா, போதும். ஈஸ்ட்டுக்காக யாராவது பொண்ணைக் கடல் தாண்டி அனுப்புவாங்களா? நான் சொல்றேன், நிறுத்திடுங்க."

தேன்மொழி என்னைப் பார்த்தாள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு ஏதோ ஒன்றுக்குத் தயாரானேன், ஜோக்கா வேறெதாவதா என்று எனக்கே தெரியாது. அதற்குள் உங்கள் தங்கை அடுப்படியிலிருந்து ஈரக்கையோடு வந்துவிட்டாள்.

"எங்க அண்ணன் சொல்லியே நாங்க நிறுத்தலே. நீ சொல்லியா நிறுத்தப்போறோம்? டீ ஆறுது, குடி."

அவர் குடித்தார்.

"எங்க அண்ணன்" என்று அவள் சொன்ன தோரணையை நீங்கள் கேட்டிருக்க வேண்டும் மச்சான். உங்களை ஒரு மலை மாதிரி நிறுத்தி, அதைத் தாண்டி வந்தவர்கள் நாங்கள் என்று காட்டினாள். தேன்மொழி அன்றைக்கே அந்த வெளிநாட்டு ஆய்வகத்துக்குச் சம்மதம் எழுதிப் போட்டுவிட்டாள். இருந்த காலத்தில் எங்கள் வீட்டில் ஒரு காரியத்துக்கும் நீங்கள் உதவியதில்லை. இப்போது உதவுகிறீர்கள். இனி எவன் வந்து "ஈஸ்ட்தானே" என்றாலும், முன்னால் உங்களைத்தான் நிறுத்தப்போகிறோம். அதற்காகவே உங்களைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். துளிகூட நல்லவராக்காமல், இருந்தபடியே.